சுகர் ஊசியும் நம் இதயமும்: கடன் கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



போன மாதம் மதுக்கரையில் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் கேட்பவர்கள் பெயர் எழுதும் நேரம். ஒரு அக்கா எழுந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர், ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்.

"ஏனுங்க அம்மிணி, வாரத்துக்கு ஒரு ஊசி போட்டாச் சுகரும் குறையுமாம், உடம்பும் இளைக்குமாம், ஹார்ட் அட்டாக்கும் வராதாம். பையன் போன்ல காட்டுனானுங்க. குழுவுல 60 ஆயிரம் உள்கடன் குடுத்தீங்கன்னா வாங்கிப் போட்டுக்குவேனுங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா உடனே, "ஊசியே வேண்டாமுங்க! எங்க மாமியாருக்கு இன்சுலின் போட ஆரம்பிச்சதுக்கு அப்புறந்தான் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தாங்க. எனக்கும் டாக்டர் இன்சுலின் எழுதினாரு, நான் போடறதில்லீங்க" என்றார்.

ஒரே கூட்டத்தில் ஒருவர் ஊசி இதயத்தைக் காப்பாற்றும் என்கிறார். மற்றவர் ஊசி இதயத்தைக் கெடுக்கும் என்கிறார். இருபது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் படித்தது சமூகப் பணி, மருத்துவம் அல்ல. "அடுத்த கூட்டத்தில் கேட்டு வந்து சொல்கிறேன், அதுவரைக்கும் அந்தக் கடன் மனு நிலுவையில் இருக்கட்டும்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு அரசு மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எல்லாக் குழுக்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

சர்க்கரை நோய்க்கும் இதயத்திற்கும் என்ன சம்பந்தம்?

நம்முடையது சுண்ணாம்புக்கல் பூமி. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லோர் வீட்டிலும் உண்டு. பைப்பிலும் அது படிந்து படிந்து ஒரு நாள் தண்ணீர் நூல் மாதிரி வரும். நம் ரத்தக்குழாயிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் ரத்தக்குழாயின் உள்சுவர் புண்படுகிறது. பிரஷர் அதிகமாக இருந்தால் அந்தச் சுவர் மேலும் அடி வாங்குகிறது. புண்பட்ட இடத்தில் கெட்ட கொழுப்பு போய்ப் படிகிறது. படிவு உடைந்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் குழாய் அடைபடும். இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் பக்கவாதம். காலுக்குப் போகும் குழாய் அடைத்தால் ஆறாத புண்.

ஆகவே இதயத்தைக் கெடுப்பது சர்க்கரை மட்டும் இல்லை. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றும் சேர்ந்துதான் கெடுக்கின்றன. புகையிலை சேர்ந்தால் நான்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஹார்மோன் மருந்து என்றால் என்ன?

உடம்பின் ஒரு பகுதியில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, வேறு பகுதிக்குப் போய் வேலை சொல்லும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். சர்க்கரை விஷயத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

1. இன்சுலின். இது கணையத்தில் சுரக்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் திசுக்களுக்குள் அனுப்பும் வேலை இதனுடையது.

2. ஜிஎல்பி-1. இது குடலில் சுரக்கிறது. நாம் சாப்பிட்டவுடன் "சோறு வந்துவிட்டது, இன்சுலினை விடு" என்று கணையத்துக்குத் தகவல் சொல்லும். இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி பார்த்துக்கொள்ளும். "வயிறு நிறைந்தது, போதும்" என்று மூளைக்கும் சொல்லும்.

முதல் அக்கா கேட்டது இந்தக் குடல் ஹார்மோனைப் போலச் செய்த மருந்தைப் பற்றி. இரண்டாவது அக்கா பயந்தது இன்சுலினைப் பற்றி. இரண்டும் ஊசி என்பதால் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது.

இன்சுலின் இதயத்தைக் கெடுக்குமா?

கனடா நாட்டின் டொரண்டோ நகரில் 1921-ல் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். அதற்கு முன்பு சிறு வயதில் சர்க்கரை நோய் வந்தால் பிழைக்க வழியே இல்லை.

இன்சுலின் போட்டால் இதயம் கெடும் என்ற சந்தேகம் நமக்கு மட்டும் இல்லை, மருத்துவர்களுக்கும் இருந்தது. 12,537 பேரை ஆறு வருடத்துக்கு மேல் கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் பெயர் ஆரிஜின். பாதிப் பேருக்கு கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. 2012-ல் முடிவு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இன்சுலின் இதயத்தைக் கெடுக்கவில்லை. தனியாகக் காப்பாற்றவும் இல்லை.

அப்படியானால் "இன்சுலின் ஆரம்பித்ததும் போய்விட்டார்" என்று ஏன் ஊரில் பேசுகிறோம்? பெரும்பாலும் நாம் இன்சுலினுக்கு வருவதே கடைசியில்தான். பத்துப் பதினைந்து வருடம் சர்க்கரை ஏறிக் கிடந்து, ரத்தக்குழாய் கெட்ட பிறகு டாக்டர் ஊசி எழுதுகிறார். குழாயில் அடைப்பு முன்பே இருந்தது. பழி மட்டும் ஊசி மேல் விழுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அது தாழ்சர்க்கரை. ஊசி போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சாப்பிடாமல் கிளம்பினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். உடம்பு பதறும், வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். முன்பே பழுதான இதயத்துக்கு இது ஆபத்து. 10,251 பேரை வைத்து நடந்த அக்கார்டு என்ற ஆய்வில், சர்க்கரையை மிகக் கடுமையாக, ஆரோக்கியமானவர் அளவுக்கே இறக்கப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் 257 பேர் இறந்தார்கள், சாதாரணக் கட்டுப்பாட்டுப் பக்கம் 203 பேர் இறந்தார்கள். 2008-ல் அந்தப் பகுதியை நிறுத்திவிட்டார்கள். காரணம் இன்னதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக் கூடாது என்ற பாடம் அதிலிருந்து வந்தது.

எனவே:

* ஊசி போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.
* வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி குடியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.
* பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமான மண்பானையில், தண்ணீர் படாமல் கவரில் கட்டி வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.
* பயந்துகொண்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாரம் ஒரு ஊசி: உண்மை எவ்வளவு?

நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடத்தில் அழிந்துவிடும். அதனால் அதை அப்படியே மருந்தாகக் கொடுத்துப் பயனில்லை. அமெரிக்காவில் கிலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப்பல்லி உண்டு. அதன் விஷத்தில், இந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்து, சீக்கிரம் அழியாத ஒரு பொருள் இருப்பதை 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அதை வைத்துச் செய்த எக்செனடைட் என்ற மருந்து 2005-ல் வந்தது. பின்னாலேயே லிராகுளுட்டைடு, டுலாகுளுட்டைடு, செமாகுளுட்டைடு எல்லாம் வந்தன. டிர்செபடைடு என்பது இரண்டு குடல் ஹார்மோன்களின் வேலையைச் சேர்த்துச் செய்யும் மருந்து. லிராகுளுட்டைடு தினமும் போடும் ஊசி. டுலாகுளுட்டைடு, செமாகுளுட்டைடு, டிர்செபடைடு மூன்றும் வாரம் ஒரு முறை போடுபவை.

இதயத்துக்கு நல்லதா என்று எப்படிப் பார்த்தார்கள்? இதற்கும் ஒரு கதை இருக்கிறது. ரோசிகிளிட்டசோன் என்று ஒரு சர்க்கரை மாத்திரை இருந்தது. சர்க்கரை நன்றாகவே இறங்கியது. ஆனால் 2007-ல், அதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு கூடுகிறதோ என்ற பெரிய சந்தேகம் எழுந்தது. 2010-ல் இந்திய அரசு அதன் விற்பனையை நிறுத்தியது. சர்க்கரை இறங்கினால் மட்டும் போதாது, இதயத்துக்கு என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது. 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், புதிய சர்க்கரை மருந்து எதுவானாலும் இதயத்துக்கு ஆபத்தில்லை என்று காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அப்படி நடந்த ஆய்வுகளில் ஒன்று லீடர். 9,340 சர்க்கரை நோயாளிகள், சுமார் நான்கு வருடம். பெரும்பாலோர் முன்பே இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள். பாதிப் பேருக்கு லிராகுளுட்டைடு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. முடிவு 2016-ல் வந்தது. அதைக் குழுக் கணக்காகவே சொல்கிறேன்.

வெறும் ஊசி போட்ட 100 பேரில் சுமார் 15 பேருக்கு மாரடைப்போ, பக்கவாதமோ, இதய நோயால் மரணமோ வந்தது. மருந்து போட்ட 100 பேரில் 13 பேருக்கு வந்தது.

அதாவது நான்கு வருடம் போட்டால் 100 பேரில் 2 பேர் தப்பிக்கிறார்கள். 85 பேருக்கு ஊசி இல்லாமலே ஒன்றும் வந்திருக்காது. 13 பேருக்கு ஊசி போட்டும் வந்துவிட்டது. "ஊசி போட்டால் ஹார்ட் அட்டாக் வராது" என்பது தப்பு. "வரும் வாய்ப்பு கொஞ்சம் குறையும்" என்பது உண்மை.

செமாகுளுட்டைடை 3,297 பேரிடம் பார்த்த இன்னொரு ஆய்வின் முடிவும் 2016-ல் வந்தது. இரண்டு வருடத்தில் 100-க்கு 9 என்பது சுமார் 7 ஆகக் குறைந்தது. டுலாகுளுட்டைடிலும் 2019-ல் இதே மாதிரிப் பலன் தெரிந்தது. 2023-ல், சர்க்கரை நோய் இல்லாமல், உடல் பருமனும் இதய நோயும் உள்ள 17,604 பேரிடம் செமாகுளுட்டைடைப் பார்த்தார்கள். அங்கே 100-க்கு 8 என்பது ஆறரை ஆனது. ஆனால் இந்த வகையைச் சேர்ந்த எல்லா மருந்துக்கும் இப்படிப் பலன் வரவில்லை. 2015-ல் லிக்சிசெனடைடு இதயத்துக்குக் கெடுதலும் செய்யவில்லை, நன்மையும் செய்யவில்லை.

இந்தப் பலன் சர்க்கரை இறங்குவதால் மட்டும் வருவதில்லை. எடை குறைகிறது, பிரஷர் கொஞ்சம் இறங்குகிறது, ரத்தக்குழாய்ச் சுவரின் அழற்சி தணிகிறது. எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பலன் என்கிறார்கள்.

இங்கே ஒன்றை அடிக்கோடிட்டுப் படியுங்கள். இந்த ஆய்வுகளில் ஊசி போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டேதான் ஊசியும் போட்டார்கள். மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டதால் கிடைத்த கூடுதல் பலன்தான் அந்த 2 பேர். மாத்திரையை விட்டுவிட்டு ஊசி மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

கிளிப்டின் மாத்திரைகள்

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் என்று முடியும் மாத்திரைகளை நம்மில் பலர் சாப்பிடுகிறோம். இவையும் இந்தக் குடல் ஹார்மோனைச் சார்ந்தவைதான். ஹார்மோன் சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. சிட்டாகிளிப்டினை வைத்து நடந்த பெரிய ஆய்வில் (2015) இதயத்துக்குக் கெடுதலும் இல்லை, தனி நன்மையும் இல்லை. சாக்சாகிளிப்டின் சாப்பிட்டவர்களில் இதயம் பலவீனமாகி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் சற்று அதிகம் என்று 2013-ல் தெரிந்தது. ஆகவே சர்க்கரை மாத்திரை சாப்பிடும் யாருக்கும் கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, சில நாளிலேயே எடை கூடுவது என்று வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசி யாருக்குச் சரி, யாருக்கு ஆகாது?

சர்க்கரை நோயுடன் முன்பே மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், சிறுநீரகம் பாதித்தவர்கள், பருமன் அதிகம் உள்ளவர்கள் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேட்கலாம். அவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

கீழ்க்கண்டவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்:

* கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள்.
* கணைய வீக்கம், பித்தப்பைக் கல் வந்தவர்கள்.
* குடும்பத்தில் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள்.
* சர்க்கரையால் கண் பாதித்தவர்கள். செமாகுளுட்டைடு ஆய்வில் சிலருக்குக் கண் பாதிப்பு கூடியது. முதலில் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.
* இதயத்தின் பம்ப் செய்யும் பலம் மிகக் குறைந்தவர்கள். இந்த ஊசி இதயத் துடிப்பை நிமிடத்துக்கு இரண்டு முதல் நான்கு வரை கூட்டக்கூடியது.
* சிறு வயதிலேயே இன்சுலினை நம்பி இருப்பவர்கள். அவர்களுக்கு இது இன்சுலினுக்கு மாற்றே அல்ல.

குமட்டல், வாந்தி, பேதி ஆகியவை சாதாரணமாக வரும் தொந்தரவுகள். வெயில் காலத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கும். கடுமையான வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் போனில் ஆர்டர் செய்து வாங்கவே கூடாது. குளிர் விட்டுப் போனதா, போலியா என்று நமக்குத் தெரியாது.

இப்போது கடன் கணக்கு

டிர்செபடைடு (மவுன்ஜாரோ) 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 ரூபாய். 60 ஆயிரம் கடன் நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். ஐந்தாவது மாதம்?

நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் ஆய்வு இருக்கிறது. எடை குறைப்பதற்காகச் செமாகுளுட்டைடு போட்டு நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியிருந்தது. இதயத்துக்குப் பலன் தெரிந்ததும் வருடக்கணக்கில் விடாமல் போட்டவர்களிடம்தான். நான்கு மாதம் போட்டு நிறுத்தினால் கையில் மிஞ்சுவது கடன் தவணை மட்டும்.

எருமை வாங்கக் கடன் கொடுத்தால் பால் ஊற்றித் தவணை கட்டுவோம். தையல் மெஷினுக்குக் கொடுத்தால் ஜாக்கெட் தைத்துக் கட்டுவோம். மருத்துவச் செலவுக்குக் கடன் கொடுப்பதும் குழுவின் கடமைதான், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் ஆபரேஷனுக்குக் கொடுப்பது ஒரு முறைச் செலவு. இது மாதா மாதம் வரும் செலவு. ஒரு முறை கடன் வாங்கி இதைச் சமாளிக்க முடியாது.

விலை இப்படியே இருக்காது. செமாகுளுட்டைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதற்கு மேல் நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்கலாம், போட்டி வந்தால் விலை இறங்கும். வாங்கும் அளவுக்கு விலை வந்து, டாக்டரும் "உங்களுக்குத் தேவை" என்று எழுதினால் தாராளமாகப் போடலாம். கடன் மனுவோடு டாக்டர் சீட்டையும், மாதச் செலவையும், எத்தனை மாதம் என்பதையும் எழுதி வாங்குவது குழுவுக்கு நல்லது.

கையில் இருக்கும் மருந்தின் பலம்

டென்மார்க் நாட்டில் ஸ்டெனோ என்ற இடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரை நோயுள்ள 160 பேர், 80 பேராக இரண்டு பக்கம். ஒரு பக்கம் அப்போதைய வழக்கமான சிகிச்சை. மறுபக்கம் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் சேர்த்து மாத்திரையால் கட்டுப்படுத்தினார்கள். உணவு, நடை, புகையை விடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்து விடாமல் தொடர்ந்தார்கள். கிட்டத்தட்ட எட்டு வருடம் கழித்து 2003-ல் முடிவு வந்தது. வழக்கமான பக்கத்தில் 100-க்கு 44 பேருக்கு இதயம், ரத்தக்குழாய்த் தொல்லைகள் வந்தன. மூன்றையும் கட்டுப்படுத்திய பக்கத்தில் 24 பேருக்குத்தான் வந்தன.

இது சின்ன ஆய்வு, காலமும் ஆட்களும் வேறு. ஊசி ஆய்வோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனாலும் 44 என்பது 24 ஆனது சாதாரணம் இல்லை. அப்போது வாரம் ஒரு ஊசி என்பதே கிடையாது. அங்கே கொடுத்தவை மெட்பார்மின், பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை போன்ற பழைய மருந்துகள்தான்.

அந்த மாதிரி மாத்திரைகள் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வீட்டுக்கு வந்து பிரஷர் பார்ப்பவர் யார்? நம்மைப் போன்ற மகளிர் குழுக்களிலிருந்து தேர்வான பெண் சுகாதாரத் தன்னார்வலர்தான். நம்மில் எத்தனை பேர் அவர் வரும்போது "மாத்திரை இருக்குதுங்க, போன மாசத்ததே தீரலை" என்று சொல்லி அனுப்புகிறோம்? தீரவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றுதானே அர்த்தம்!

நெஞ்சு வலி என்றால் காத்திருக்காதீர்கள்

சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு மாரடைப்பு சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாக வராமலும் இருக்கலாம். மூச்சு வாங்குதல், தாடை, தோள், முதுகு வலி, மேல்வயிற்றில் எரிச்சல், காரணமில்லாத வியர்வை, குமட்டல், ஒரேயடியான அசதி என்றும் வரும். "கேஸ் புடிச்சிருக்கும்" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளை அங்கேயே முதலுதவியாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நீங்களாக வீட்டில் சாப்பிட வேண்டாம், அங்கே பார்த்துக் கொடுப்பார்கள்.

அந்த இரண்டு அக்காக்களும்

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். கடன் கேட்ட அக்காவை எல்லோர் முன்னும் கேட்காமல், தனியாக "பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களாக்கா?" என்று கேட்டேன். "தலைவலி நின்னு போச்சுங்க அம்மிணி, அதான் ஆறு மாசமா நிறுத்திட்டேன்" என்றார். அன்றைக்கே சுகாதாரத் தன்னார்வலர் பார்த்தபோது பிரஷர் 170/100. அறுபதாயிரம் ரூபாய் ஊசிக்கு அலைந்த நேரத்தில், காசில்லாத மாத்திரை அலமாரியில் கிடந்திருக்கிறது. பிரஷர் தலைவலியாகக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பக் கூடாது. பலருக்கு அது எந்த அறிகுறியும் இல்லாமல்தான் இருக்கும்.

இப்போது அவர் மாத்திரையைத் தொடர்கிறார். டாக்டர் கொழுப்புப் பரிசோதனையும் ஈசிஜியும் எழுதினார். ஊசி தேவையா என்பதை ரிசல்ட் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கடன் மனுவை அக்காவே திரும்ப வாங்கிக்கொண்டார். இன்சுலினுக்குப் பயந்த அக்கா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "டாக்டரை ஒருக்கா பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க" என்கிறார். அவரோடு நானும் போவதாக இருக்கிறேன்.

உங்கள் குழுவில் செய்ய வேண்டியது

1. அடுத்த கூட்டத்தில் சர்க்கரை, பிரஷர் உள்ள உறுப்பினர்கள் மாத்திரை அட்டையைக் கொண்டு வரச் சொல்லுங்கள். யாரையும் குறை சொல்ல வேண்டாம். விட்டவர்கள் மறுபடி தொடங்கினால் போதும்.
2. மூன்று மாதச் சராசரி சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்ற மூன்று எண்களையும் ஒவ்வொருவரும் தம் சேமிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.
3. வருடம் ஒரு முறை கண், பாதம், சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.
4. அரிசியும் பருப்பும் சாதத்தை விட வேண்டாம், அளவைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உப்பு அதிகம். வெற்றிலையோடு போடும் புகையிலையை விடுங்கள்.
5. ஊசியோ மாத்திரையோ, தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டுத்தான்.

வாரா வாரம் நூறு ரூபாய் சேமிப்பைத் தவறாமல் கட்டித்தான் நாம் இன்று வங்கியில் தலைநிமிர்ந்து நிற்கிறோம். தினமும் மாத்திரையைத் தவறாமல் போடுவதும் அதே மாதிரிச் சேமிப்புதான் சகோதரிகளே. மாத்திரை அட்டையில் தேதி பார்த்து இன்றைக்கே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்